சோப்புத்தண்ணியின் ஹீட்டரில் கோளாறு இல்லை

முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் குளிர்வது கழுத்துதான். பலரும் கால் என்று நினைக்கிறார்கள். காலுக்குச் செருப்பு உண்டு, சாக்ஸ் உண்டு. கழுத்தை மூடிக்கொண்டு முடி வெட்ட முடியாது. தலை ஈரம், கழுத்து திறந்து கிடக்கிறது, பின்னால் கத்தரிக்கோலோடு ஓர் ஆள். இந்த நிலையில் ஒருவர் உடம்பைச் சிலிர்த்தால் காது நுனி போய்விடும். அதனால்தான் எங்கள் கடைக்கு ஹீட்டர் தேவைப்பட்டது. "ஆரம்பத்திலிருந்து சொல்லும்மா" என்று கேட்டீர்கள். ஆரம்பம் இதுதான்.

நீங்கள் கேட்டபோது நான் பதில் சொல்லாமல் துண்டு மடித்துக்கொண்டிருந்ததற்கு மன்னிக்கவும். தெரியாதவர்களிடம் எனக்கு வாய் வராது. தெரிந்தவர்களிடமும் பாதிதான் வரும். எழுதச் சொன்னால் எழுதுவேன். நீங்கள் ஹீட்டர் கம்பெனியின் பரிசோதகர் அம்மா. அவ்வளவு தூரத்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, காலையிலிருந்து எங்கள் ஹீட்டரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறீர்கள். ஒன்றும் கிடைக்காமல் உதட்டைப் பிதுக்குவதையும் பார்த்தேன். கிடைக்காது. ஹீட்டரில் ஒன்றும் இல்லை. உங்கள் முதுகு வலிக்குமே என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கடை முன்பு கார் நிறுத்தும் கொட்டகையாக இருந்தது. அப்பா பஸ் ஓட்டுகிறவர். சொந்தமாகக் கார் வாங்கப்போவதில்லை என்று அவருக்கே தெளிவான பிறகு அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். அக்கா இரண்டு கண்ணாடி மாட்டினாள், இரண்டு சுழல் நாற்காலி போட்டாள், தலை அலசும் தொட்டி வைத்தாள். முன்பக்கம் இரும்பு ஷட்டர். ஜன்னல் கிடையாது. கூரைக்குக் கீழே ஒரு சின்ன வென்டிலேட்டர், அதிலும் கண்ணாடி. அக்கா வெட்டுவாள், சாயம் போடுவாள், பேசுவாள். நான் கூட்டுவேன், துண்டு மடிப்பேன், சீப்பு கழுவுவேன். மூலையில் ஒரு முக்காலி, அதுதான் என் இடம்.

மின்சார ஹீட்டர் வைத்துப் பார்த்தோம். அதையும் டிரையரையும் ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போகும். வாடிக்கையாளர் சூட்டோடு இருக்கலாம் அல்லது காய்ந்த தலையோடு இருக்கலாம், இரண்டும் கிடைக்காது. எனவே அக்கா கடைத்தெருவுக்குப் போய், சிலிண்டரில் ஓடும் புரொப்பேன் வாயு ஹீட்டர் வேண்டும் என்று கேட்டாள். கடைக்காரர் விற்க மறுத்துவிட்டார்.

"எந்த இடத்துல வைக்கப் போறீங்க?"

"என் கடையிலதான்."

"கடையைப் பாக்காம தரமாட்டேன்."

"நான் ஹீட்டரைத்தான கேட்டேன், பொண்ணா கேட்டேன்?" என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. அன்று மாலையே ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். பைக்குள் ஸ்பேனர், அளவு டேப், வாயு அளக்கும் மீட்டர், ஒரு பாட்டில் நிறைய சோப்புத்தண்ணீர், பெயின்ட் அடிக்கும் சின்ன பிரஷ். சிலிண்டர் இணைப்பில் சோப்புத்தண்ணீரைத் தடவிப் பார்ப்பாராம். குமிழி வந்தால் கசிவு. அன்றே அப்பா அவருக்குச் சோப்புத்தண்ணி என்று பேர் வைத்துவிட்டார். அந்தப் பேர் அவர் காதுக்கும் போனது. அதற்கும் அவர் சிரிக்கவில்லை. "பொருத்தமாத்தான் இருக்கு" என்றார்.

கடைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் பார்த்தது ஸ்ப்ரே டப்பா அலமாரியை. முடி கலையாமல் நிற்க அடிக்கிறோமே, அந்த ஸ்ப்ரே. பேயைப் பார்த்தவர் மாதிரி நின்றுவிட்டார். சூடு பட்டால் வெடிக்கும் என்று அவ்வளவையும் வீட்டுக்குள் கொண்டுபோக வைத்தார். பிறகு வென்டிலேட்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஷட்டர் எப்போதும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கியே இருக்க வேண்டும் என்றார். தீ எரிந்தால் அதுவும் மூச்சு விடும், நம் காற்றைத்தான் குடிக்கும், காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையும் இல்லை நிறமும் இல்லை என்று விளக்கினார்.

"ஒரு சாண்னா குளிர் உள்ள வருமே. அப்புறம் ஹீட்டர் எதுக்கு?" என்றாள் அக்கா.

"குளிர் வந்தா தும்முவீங்க. அது வந்தா தும்மக்கூட மாட்டீங்க."

அக்கா அந்த மனிதரை முதல்முறையாக நன்றாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

ஹீட்டரைச் சமதளத்தில் நிறுத்தி, சிலிண்டரை நேராக வைத்து, சுற்றிலும் சாக்பீஸால் வட்டம் போட்டார். வட்டத்துக்குள் துண்டோ முடியோ மனிதரோ வரக் கூடாது. கடைசியாக அலாரத்தை எடுத்தார். உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி, நடுவில் ஒரு பொத்தான். அதை எங்கே மாட்டுவது என்று யோசித்துவிட்டு, "இங்க ரொம்ப நேரம் ஒரே இடத்துல உக்காந்திருக்கிறது யாரு?" என்று கேட்டார்.

அக்கா என்னைக் காட்டினாள்.

அவர் என் முக்காலிக்கு அருகே மண்டியிட்டு, என் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று டேப்பால் அளந்தார். மூச்சு விடும் உயரத்தில்தான் மாட்ட வேண்டுமாம். நான் மூச்சு விடவில்லை. என் தலைக்குப் பக்கத்துச் சுவரில், துண்டு அலமாரிக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் மாட்டிவிட்டு, "தங்கச்சி, இதுதான் உன் காவல்காரன்" என்றார். பிறகு பொத்தானை அழுத்திக் காட்டினார். நான்கு முறை கீச்சிட்டது. காது கிழிந்தது. "டெஸ்ட் பண்ண இதை அழுத்தினா போதும்" என்றார்.

இதை நான் அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தது உண்மை, அவ்வளவுதான்.

கடை சூடானது. கழுத்துகள் சிலிர்ப்பதை நிறுத்தின. கூட்டம் வந்தது. சோப்புத்தண்ணியும் வந்தார். முதலில் சிலிண்டர் மாற்ற வந்தார். பிறகு இணைப்பைப் பார்க்க வந்தார். பிறகு தீ நீலமாக எரிகிறதா, மஞ்சளாக எரிகிறதா என்று பார்க்க வந்தார். மஞ்சள் என்றால் காற்று போதவில்லையாம். அது நீலமாகத்தான் எரிந்தது. வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று நாற்காலியில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டார். இப்படி அடிக்கடி வெட்டி, காது இரண்டும் ஜாடியின் கைப்பிடி மாதிரி வெளியே வந்துவிட்டது.

"தம்பி, இன்னும் ரெண்டு தடவை வந்தீங்கன்னா மூளையைத்தான் வெட்டணும்" என்றார் அப்பா.

"வளருதுங்க" என்றார் அவர்.

"எங்க வளருது, காட்டுங்க."

அவர் பிடரியைக் காட்டினார். அக்கா சிரித்துக்கொண்டே அங்கே ஒன்றும் இல்லாத இடத்தில் கத்தரிக்கோலைக் கீச் கீச் என்று ஓட்டினாள். காற்றை வெட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அவள் வேலை செய்யும்போது பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எனக்கு வாய். பேச்சுக்குச் சொல்லவில்லை. செருப்புக் கடையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவளுக்குச் சுண்டுவிரல் கடிக்குது, வேற காட்டுங்க" என்பாள். பல் மருத்துவரிடம் போனபோது எனக்கு வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. அக்கா தன் வாயைத் திறந்து, "இந்த இடத்துல, டாக்டர்" என்று காட்டினாள். அவர் அக்காவுக்கே சிகிச்சை ஆரம்பித்துவிட்டார். அந்த அளவுக்கு. அம்மா இல்லாத வீட்டில் எனக்காகக் கேட்பது, சண்டை போடுவது, பேரம் பேசுவது எல்லாம் அவள்தான். அப்பா நல்லவர், ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்பதைத் தாண்டி அதிகம் பேச மாட்டார்.

சோப்புத்தண்ணியின் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவர் கடை மாடியில். ஒருநாள் கடையைக் கூட்டும்போது அக்கா சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்: "ஏன்டி, நான் ஒருநாள் வேற வீட்டுக்குப் போயிட்டா நீ இந்தக் கடையைப் பாத்துப்பியா? வர்றவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசினா போதும்."

இரண்டு வார்த்தை. அவளுக்கு அது சின்ன விஷயம்.

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது பேசுவதைவிடச் சுலபம்.

முதல் தடவை நடந்தது இப்படி. மாலை. வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். சோப்புத்தண்ணி நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். தீ நீலமாக எரிந்தது. அவர் கண்ணாடியில் அக்காவைப் பார்த்து, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவர், "நான் வந்து" என்றார். நான் பொத்தானை அழுத்தினேன்.

என் விரல் தானாகப் போனது என்று எழுதலாம். அப்படி இல்லை. நான்தான் அனுப்பினேன்.

அந்த மனிதர் நடந்துகொண்ட விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்து அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை, "எல்லாரும் வெளிய." அக்காவைத் தள்ளாத குறையாக அனுப்பினார். சிலிண்டர் வால்வை மூடினார். ஷட்டரை முழுசாகத் தூக்கினார். நான் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன், செய்ததை நினைத்துக் கால் வரவில்லை. எனக்கு மயக்கம் என்று நினைத்து, என்னை முக்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் வைத்தார்.

"தங்கச்சி, தலை சுத்துதா? வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

நான் தலையாட்டினேன்.

மருத்துவமனையில் ரத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "உடனே வெளிய கொண்டாந்ததால தப்பிச்சா" என்றார் சோப்புத்தண்ணி. திரும்பி வந்து கடைக்குள் மீட்டரை வைத்துப் பார்த்தார். பூஜ்யம் காட்டியது. அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. ஷட்டரைத் திறந்துவிட்டோம், காற்று வந்து எல்லாம் போய்விட்டது. யோசித்துப் பாருங்கள். அவர் கொஞ்சம் சோம்பேறியாக இருந்து, ஷட்டரைத் திறக்காமல் முதலில் மீட்டரை எடுத்திருந்தால் அன்றே என்னைக் கையும் களவுமாகப் பிடித்திருப்பார். முறைப்படி செய்கிறவரை ஏமாற்றுவது இவ்வளவு எளிது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவர் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அது போதும், இனி தொட மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் மறுபடி வந்தார், மறுபடி தொப்பியை உருட்டினார். இரண்டாவது தடவை அழுத்தினேன்.

அப்போது நாற்காலியில் டீச்சரம்மா இருந்தார், தலை நிறையச் சாயம். சாயத்தை நேரத்துக்கு அலச வேண்டும். தெருவில் நின்றபடி அவர், "என்னை அலசிட்டு அப்புறம் காப்பாத்துங்களேன்" என்று கெஞ்சினார். சோப்புத்தண்ணி உள்ளே போக விடவில்லை. முடி கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதல்முறையாக அவரையே பார்த்துக்கொண்டு பாடம் கேட்டார்களாம். ஒருவருக்கு நன்மை என்றுகூடச் சொல்லலாம். தபால்காரருக்கு அப்படிச் சொல்ல முடியாது. இன்னொரு நாள் அவருக்குப் பாதித் தலை வெட்டியிருந்தபோது அலாரம் அடித்தது. நேரமாகிறது என்று அப்படியே கிளம்பி, அவர் பகுதி முழுக்கப் பாதித் தலையோடு கடிதம் கொடுத்துவிட்டு வந்தார். வலப்பக்க வீட்டுக்காரர்கள் ஒருமாதிரியும் இடப்பக்க வீட்டுக்காரர்கள் வேறுமாதிரியும் பார்த்தார்களாம்.

சோப்புத்தண்ணி ஹீட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அழுத்தினேன். ரெகுலேட்டரை மாற்றினார். அழுத்தினேன். அலாரத்தையே மாற்றிப் புதியதை மாட்டினார், அதே இடத்தில், அதே உயரத்தில், மறுபடி என் மூக்கை அளந்து. அதிலும் பொத்தான் இருந்தது. ஹீட்டரையே மாற்றி வேறொன்று கொண்டுவந்தார். நான் ஒருநாள் பொறுத்தேன். அவர் முகத்தில் நிம்மதி வந்து, தொப்பி மடிக்கு வந்தது. அழுத்தினேன்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் உள்ளே திரும்பி வந்தது எனக்காகத்தான். அக்கா ஓடிவிடுவாள், வாடிக்கையாளர் ஓடிவிடுவார். நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து என்னை முக்காலியோடு தூக்குவார். பழக்கத்தில் நான் காலை மடக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன், அவருக்குத் தூக்க வசதியாக இருக்கட்டும் என்று.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு ஹீட்டரும் கெட்டது என்றால் அதே சரக்கில் வந்த எல்லாமும் கெட்டதாக இருக்கும் என்று முடிவு கட்டினார். ஒரு தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், தான் விற்ற எல்லா ஹீட்டரையும் திரும்ப வாங்கினார்.

"எங்க வீட்டுது நல்லாத்தாங்க எரியுது" என்று தையல்காரர் விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டாராம்.

"நல்லாத்தான் எரியும். அதான் பயமே. விடுங்கண்ணே."

"அலாரம் கூட அடிக்கலையே."

"அது அடிக்கலைன்னா அதுவும் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

ஊர் குளிர்ந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நூலகத்தில் கையுறை போட்டுக்கொண்டு பக்கம் புரட்ட முடியாமல், ஒரே பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்து போனார்கள். வயலின் வாத்தியாரின் கை நடுங்கி சுரம் ஆடியது. அது ஏதோ மேல்வகுப்பு நுணுக்கம் என்று மாணவர்கள் எல்லோரும் நடுங்கி வாசித்தார்கள். போட்டோ ஸ்டுடியோவில் எடுத்த படங்களில் ஆளுக்கு முன்னால் வாயிலிருந்து வந்த ஆவிதான் தெரிந்தது. தையல்காரர் குளிரில் ஸ்வெட்டருக்கு மேலேயே அளவெடுத்துவிட்டதால், சட்டைகள் ஒன்றுக்குள் இரண்டு பேர் போகலாம் போல வந்தன. கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் சளி பிடித்துப் படுத்துவிட்டார். அவர் எழுந்திருக்கும்வரை ஊரில் பாதிக் கடிகாரம் ஓடவில்லை. இதை என்னால் வந்தது என்று சொல்ல மாட்டேன். குளிரால் வந்தது.

எங்கள் கடை ஹீட்டரும் வண்டியில் போய்விட்டது, நீங்கள் சோதிப்பதற்காகத்தான் இன்று திரும்பி வந்திருக்கிறது. கழுத்துகள் மறுபடி சிலிர்த்தன. ஆனால் சோப்புத்தண்ணி ஹீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே இருந்ததால் முடி வெட்ட வரவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

நான் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அதை அப்பாதான் சொன்னார். "பெரியவளும் அந்தச் சோப்புத்தண்ணியும் கடைக்குள்ள இருக்கிற வரைக்கும் வாயைத் திறந்தாங்களா? தெருவுல நின்னாத்தான பேச்சு."

நினைத்துப் பார்த்தேன். உண்மைதான். உள்ளே டிரையர் சத்தம், வாடிக்கையாளர், நான். வெளியே துரத்தியதும் இரண்டு பேரும் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரே டம்ளர் வெந்நீரை மாற்றி மாற்றிக் குடித்தபடி, காற்று உள்ளே போய் வெளியே வருவதற்காக மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். நான் பக்கத்திலேயே முக்காலியில் இருந்தேன். கடைசித் தடவை பேசியது என் காதில் விழுந்தது.

"நீலமாத்தானே எரிஞ்சது. மஞ்சள் ஒரு கீத்துகூட வரலையே. எங்க தப்பு விட்டேன்னு புரியல" என்றார் அவர்.

"எப்பப் பாத்தாலும் அதையேதான் யோசிப்பீங்களா?"

"வேற எதை யோசிக்கணும்?"

"நடுவுல என்னையும் கொஞ்சம் யோசிக்கலாம்" என்றாள் அக்கா. "கட்டிக்கிறதா வேணாமான்னு."

சோப்புத்தண்ணீர் பாட்டில் அவர் கையிலிருந்து விழுந்து உருண்டது. சாக்கடை முழுக்கக் குமிழி.

ஆக, அவர்கள் பேசக் கூடாது என்று நான் அழுத்திய ஒவ்வொரு தடவையும் அவர்களைப் பேச அனுப்பியிருக்கிறேன். சும்மா இருந்திருந்தால் அவர் இன்னும் தொப்பியை உருட்டிக்கொண்டிருப்பார்.

ஆனால் அவர் சம்மதம் சொல்லவில்லை. அடுத்த நாள், தள்ளுவண்டியை எடுப்பதற்கு முன்னால் வந்து, வாசலிலேயே நின்றபடி அக்காவிடம் சொன்னார்: "நான் விக்கிற பொருள்ல என்ன கோளாறுன்னே எனக்குத் தெரியல. உன் தங்கச்சி எத்தனை தடவை சாகப் பாத்தா. யாரையும் காப்பாத்துற லட்சணம் எனக்கு இல்ல. கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன். ஆள் வந்து பாத்து, தப்பு இன்னதுன்னு சொல்லட்டும். சொல்ற வரைக்கும் கடையும் வேணாம், கல்யாணமும் வேணாம்."

"ஒண்ணும் இல்லைன்னு சொன்னா?"

"ஒண்ணும் இல்லாம அலாரம் ஏன் அடிக்குது? கண்டுபிடிக்க முடியலைன்னு அர்த்தம். அது இன்னும் மோசம்."

அந்த ஆள் நீங்கள்தான். உங்களால் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது, இல்லாததால். நீங்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டால் அவர் கடையை மூடுவார், அக்காவைக் கட்ட மாட்டார், அக்கா இங்கேயே இருப்பாள். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். துண்டு மடித்துக்கொண்டே இருந்தால் போதும். காலையிலிருந்து அதைத்தான் செய்தேன்.

அப்படியானால் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள்.

அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். அழவில்லை, கோபப்படவில்லை. வெட்டுகிறாள், அலசுகிறாள், துண்டைப் போர்த்துகிறாள், வார்த்தை மட்டும் இல்லை. நேற்று புதிதாக ஒருவர் வந்து, "முன்னாடி கொஞ்சம் விட்டு வெட்டுவீங்களா?" என்று கேட்டார். அக்கா பேசவில்லை. நான் பேசவில்லை. அவர் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மெதுவாக எழுந்து, போர்த்திய துண்டோடேயே போய்விட்டார். ஒரு கடையில் ஒரு ஊமை இருக்கலாம், பரிதாபப்படுவார்கள். இரண்டு பேர் இருந்தால் பயப்படுகிறார்கள். பிறகு அப்பா சாப்பிடும்போது எனக்குக் குழம்பு போதுமா என்று அக்காவைக் கேட்டார், வழக்கம்போல. அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் போதாத குழம்போடு சாப்பிட்டு எழுந்தேன்.

இருந்தும் இல்லாத அக்காவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

எனவே சொல்லிவிடுகிறேன். அலாரத்தை ஒவ்வொரு தடவையும் அழுத்தியது நான். ஹீட்டர் நீலமாகத்தான் எரிந்தது. வால்வு, ரெகுலேட்டர், குழாய் எல்லாம் சரி. கார்பன் மோனாக்சைடு எங்கள் கடைக்குள் ஒருநாளும் வந்ததில்லை. சோப்புத்தண்ணி ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் வெளியே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் போய்ச் சொன்னால் நிம்மதி அடைவார். இதை எழுதியது நான் என்றும் சொல்லிக்கொள்ளுங்கள். டீச்சரம்மாவிடம் நானே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஹீட்டர்களை எல்லா வீட்டிலும் திரும்பக் கொண்டுபோய் வைக்க வண்டியும் தள்ளுகிறேன்.

நான் செய்தது சுயநலம் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துப் பார்த்தேன். அப்படி இல்லை. எனக்குப் பாதுகாப்பில் அக்கறை அதிகம். வேறொன்றும் இல்லை. அதற்கு ஆதாரமாக இன்னும் ஒரு விஷயம் எழுதுகிறேன், இதை நீங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும். நீங்கள் பரிசோதகர், சட்டப்படி சொன்னால் அவர் மறுக்க மாட்டார். அவருக்கு மறுக்கத் தெரியாது.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் அவர்களோடு மாடி வீட்டுக்குப் போகிறேன். அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார், பஸ் அந்தப் பக்கம்தான் போகிறது. அந்த வீட்டில் இரண்டு அறை. ஒன்று அவர்களுக்கு. இன்னொன்று சாமான் போடும் சின்ன அறை, அதைத்தான் எனக்கு ஒழித்துக் கொடுப்பார்கள். சாமான் அறைக்கு ஜன்னல் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஜன்னல் இல்லாத அறையில் ஹீட்டர் வைக்கக் கூடாது என்று உங்கள் கம்பெனித் தாளிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. எனவே குளிர்காலத்தில் என்னை அங்கே படுக்க வைக்க முடியாது. ஜன்னல் இருப்பது அவர்கள் அறையில் மட்டும். ஒரு வீட்டில் இரண்டு ஹீட்டர் வைப்பதைவிட ஒரே அறையில் மூன்று பேர் இருப்பதுதான் பத்திரம். இதில் என் ஆசை எதுவும் இல்லை. விதி அப்படி இருக்கிறது.

எல்லோரும் தூங்கும்போது ஹீட்டர் எரியக் கூடாது என்றும் அதே தாளில் இருக்கிறது. அதற்காக அவர்கள் கவலைப்பட வேண்டாம். அவர்கள் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கட்டும். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லிவிடுங்கள்.